மாமியாருக்கு நாலாவது கத்தி

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் நல்லதைச் சொல்லிவிடுவேன். குடிக்க மாட்டார். சீட்டு ஆட மாட்டார். வாரத்தில் ஆறு நாள் மைசூர் அசோகபுரம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போவார், அங்கே அச்சு செய்யும் டூல் ரூமில் எட்டு மணி நேரம் நிற்பார், மேலே இருப்பவர்களிடம் வாங்கிய திட்டை வீட்டுக்குக் கொண்டுவராமல் ரயிலிலேயே விட்டுவிட்டு வருவார். பெயர் நஞ்சுண்டசாமி. வயது நாற்பத்தாறு. இத்தனை நல்ல மனுஷருக்கு ஒரே ஒரு கோளாறு, கத்தி செய்வார்.

விற்பதற்கு இல்லை. சும்மா, ஆசைக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை செய்யும் மஞ்சுநாத் இவரை ஒரு மலையேற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதற்கென்று இவர் ஆன்லைனில் வாங்கிய கத்தி, குச்சியை ஒரு போடு போட்டதுமே பிடி ஒரு பக்கம், தகடு ஒரு பக்கமாகக் கழன்று விட்டது. மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். இவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு பிடியை ஒழுங்காகப் பொருத்தத் தெரியாதவன் கத்தி செய்து விற்கிறான், இருபது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டும் நான் செய்ய மாட்டேனா என்று அன்றைக்கு ஆரம்பித்தது.

காட்டுக்குள் ஒரே ஒரு கத்தியோடு போய், சுள்ளி சீவி அடுப்பு மூட்டி, மூங்கில் வெட்டிக் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவதற்கு 'புஷ்கிராஃப்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அதற்கான கத்திதான் இவர் செய்வது. நாலு அங்குலத் தகடு, நாலரை அங்குலப் பிடி, அவ்வளவுதான். மண்டி மொஹல்லா பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கி வருவார். அட்டையில் வரைந்து, வெட்டி, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். அப்புறம் காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி எண்ணெயில் முக்குவார். எந்த எண்ணெய்? என் கடலை எண்ணெய். அப்படி முக்கிய தகடு கண்ணாடி மாதிரி உடையுமாம், அதைப் பதப்படுத்த மறுபடி இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டுமாம். எங்கே வைப்பது? கேக் செய்யலாம் என்று நான் ஆசை ஆசையாக வாங்கிய ஓவனில். அதில் இன்று வரைக்கும் ஒரு கேக்கும் வெந்ததில்லை.

ஒவ்வொரு கத்திக்கும் நீல அட்டை நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எடை, தடிமன், பிடிக்கு என்ன மரம் என்று வரிசையாக எழுதிக் கடைசியில் 'குறை' என்று ஒரு கட்டம் போடுவார். அந்தக் கட்டம்தான் அவருக்கு உயிர். குறை தெரிந்தால்தானே அடுத்தது நன்றாக வரும் என்பார். மஞ்சுநாத்துக்குக் கொடுத்த கத்திக்கு அந்தக் கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார். அந்த மனுஷர் அத்தனை குறை சொல்கிற ஆள்.

இதெல்லாம் அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. என் அம்மா கை உடைந்த பிறகுதான் விஷயம் பெரிதானது.

அம்மா பெயர் நாச்சம்மாள். ஐம்பத்தெட்டு வயது. ஊர் கோபிநத்தம். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. காட்டோரம் இருக்கும் ஒரு முகாமில் அம்மாவுக்கு வேலை. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் காலையில் காட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போவாள். இது கரடி கீறியது, இது மிளா மான் போட்ட புழுக்கை என்று காட்டுவாள். ஆற்றங்கரையில் சுள்ளி சீவித் தீ மூட்டி, மூங்கில் குழாய்க்குள் அரிசியும் மீனும் திணித்துச் சுட்டுக் கொடுப்பாள். வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் பேர் சொல்லிச் செய்வதை அம்மா பேர் தெரியாமலே ஆயுசு பூராவும் செய்துகொண்டிருக்கிறாள். அந்த வேலைக்குப் போகிற நாளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி தலை வாரி, பூ வைத்துக்கொண்டு போவாள்.

பிப்ரவரியில் ஆற்றுப் பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டோடு ஆறு வாரம் எங்கள் ஜே.பி. நகர் வீட்டில் இருந்தாள். இடது கையாலேயே தலை சீவினாள், காபி ஆற்றினாள், ஸ்பூனில் சாப்பிட்டாள், என் தையல் மெஷினில் ஊசிக்கு நூல்கூடக் கோத்தாள். அத்தைக்கு இடது கை எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது பார் என்று இவர் ஆச்சரியப்பட்டார். ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு வலது கையில் பழைய பிடி இல்லை. சொம்பைத் தூக்கினாலே நடுங்கியது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் கருப்புசாமி அண்ணன் போன் செய்தார். தங்கமான மனுஷர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மழை முடிந்து ஆயுத பூஜைக்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் அக்கா கை சரியானால் அக்காதான் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மாவின் கொடுவாள் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இனி அந்தக் கையால் வீச முடியாது.

"கொடுவாள் எதுக்குங்க அத்தை? கால் கிலோவுல நான் செஞ்சு தர்றேன்" என்றார் இவர்.

அந்த நிமிஷம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதல் கத்தி மே மாதம் தயாரானது. இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். அதனால் வாசலில் இருந்த கல்லின் மேல் வைத்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து எடுத்தாள். ஒரு காய்ந்த மூங்கிலை நிறுத்தி வைத்து இரண்டு போடு போட்டாள். கொஞ்சம் பிளந்தது.

"நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றாள்.

பிடி வழுக்குகிறதா என்று கேட்டார். இல்லீங்க. கனமாக இருக்கிறதா? இல்லீங்க. முனை? நல்லா இருக்குதுங்க. இவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலோடு காத்திருந்தார். குறைக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

மாமியாரிடம் மாப்பிள்ளை செய்த பொருளுக்குக் குறை கேட்டால் இப்படித்தான். எங்கள் அம்மா இருக்கிறாளே, இவர் சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டாலும் அப்படியே சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இவரிடம் அவள் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவள் அந்த அறைக்குள் சும்மாகூட வரமாட்டாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு கத்தி செய்ய முடியுமா?

ஆனாலும் இவர் விடவில்லை. சொல்லாவிட்டால் என்ன, மூங்கில் பாதிதான் பிளந்தது என்பதை நான் பார்த்தேனே என்று இரண்டாவதைச் செய்தார். நடுங்கும் கைக்கு ஏற்ற மாதிரி இன்னும் இலேசாக, பிடியின் இடது பக்கத்தில் கட்டைவிரல் பதிய ஒரு குழி தோண்டி. வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா பிடித்துப் பார்த்தாள். நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை. ஆகஸ்டில் மூன்றாவது. குழியை இன்னும் ஆழமாக்கி, கத்தியின் வாயை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டினார். மூங்கில் சீவுவதற்கு அதுதான் சுலபம், வலது கைக்காரருக்கு வெண்ணெய் மாதிரி இறங்கும் என்றார். தனக்கே ஒன்று அப்படிச் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிற அளவுக்கு அழகாக வந்திருந்தது. அதற்கும் அதே பதில்தான்.

செப்டம்பர் நடுவில் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைப் பார்த்து அம்மாவுக்குப் பத்து நாள் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் தங்கினாள். மூன்றாவது கத்தியைச் சாணை பிடித்துத் தருகிறேன், எடுத்து வாருங்கள் என்று இவர் சொல்லியிருந்ததால் அதையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு துணிச் சுற்று. அரிவாள்மனையில் பட்டுவிட்டது என்றாள். நான் நம்பிவிட்டேன்.

இவர் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. கத்தியைக் கல்லின் மேல் வைத்து, டூல் ரூமில் தேய்ந்த அச்சைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் அவர் தோண்டிய குழி புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. எதிர்ப்பக்கம், குழியே இல்லாத வலது பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வேர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

"வலது கையில கத்தி புடிச்சா வலது கை விரல் எப்படி அறுபடும்?" என்றார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாதேவி, அத்தைக்கு எந்தக் கைவாட்டம்?"

"இடது" என்றேன்.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பிறவியிலேயே இடது கைக்காரி. சின்ன வயசில் பீச்சாங்கைக்காரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அழ வைப்பார்களாம். அந்தக் கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிப் போடுவார்களாம். அப்படியும் போகவில்லை. கல்யாணமான புதுசில் ஒரு விருந்தில் மறதியாக இடது கையால் பாயசம் ஊற்றிவிட்டாள். இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் வலது கைக்காரி, தனியாக இருந்தால் இடது கைக்காரி. இவர்கள் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நானும் சத்தியம் பண்ணினேன்.

கருப்புசாமி அண்ணன் முன்னாலும், வருகிறவர்கள் முன்னாலும் அவள் எப்போதும் வலது கையில்தான் கொடுவாள் பிடிப்பாள். கை உடைந்த பிறகு அது முடியவில்லை. காட்டுக்குள் தனியாகப் போய் இந்தக் கத்தியை இடது கையில் பிடித்துப் பழகிப் பார்த்திருக்கிறாள். வலது கைக்கென்று ஒரு பக்கம் சாய்த்த வாய், இடது கையில் பிடித்தால் மூங்கிலில் இறங்காமல் மேலே வழுக்கிக்கொண்டு வரும். குச்சியைப் பிடித்திருந்த வலது கை விரலில் வந்து விழுந்திருக்கிறது.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அஞ்சு மாதம், மூன்று கத்தி, எல்லாம் தப்பான கைக்கு. யாருக்குத்தான் கோபம் வராது? இவர் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பத்தொம்பது வருசமா எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்னம்மிணி பண்ணிட்டேன்?"

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் நான் இவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். சத்தியத்துக்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அம்மா அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு மைசூருக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. யானை நடமாடுகிற காட்டோரத்தில் தனியாகக் கிடக்கிறாளே என்று எனக்கு எந்நேரமும் அதே நினைப்பு. கை உடைந்தபோது, ஐயோ என்று அழுத அதே மனசு, சரி, இனியாவது வருவாள் என்றும் நினைத்தது. முன் அறையைக் காலி பண்ணிப் புதுக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். இவர் கத்தி கத்தி என்று அலைந்தபோது எனக்கு வந்த எரிச்சல் அதனால்தான். கத்தி நன்றாக வந்துவிட்டால் அம்மா வரமாட்டாள். மூன்று முறையும் தப்புத் தப்பாக வந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த விரல் அறுபட்டிருக்காது. பெற்ற தாய்க்கு இப்படி நினைத்தேனே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் இவர் அரைக் கிலோ பீன்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். இடது கையால் நறுக்க ஆரம்பித்தார். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். நான் வலது கைக்காரன், இடது கைக்கு எங்கே உறுத்தும், எங்கே வழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், அத்தையிடம் கேட்டால் நல்லா இருக்குதுங்க என்பார்கள், அதனால் என் கையையே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அன்றைக்குப் பொரியலில் பீன்ஸ் ஒன்று விரல் நீளம், ஒன்று கடுகு அளவு. இரண்டாம் நாள் கேரட். மூன்றாம் நாள் விரலில் பிளாஸ்திரி. நோட்டில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார்.

நானும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது. சரஸ்வதிபுரத்தில் பல் டாக்டர் சீதாலக்ஷ்மி அம்மாவின் கிளினிக்கில் நான்தான் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பேன். பல்லுக்கு அச்சு எடுக்க அங்கே ஒரு மாவு உண்டு, புட்டி என்போம். இரண்டு டப்பாவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பிசைந்தால் நாலு நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும், என்ன பதிந்ததோ அது அப்படியே நிற்கும். தேதி முடிந்த ஒரு ஜோடி டப்பா இருந்தது. எதற்கு என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் அம்மா கையை அச்சு எடுக்க வேண்டும் என்றேன். கைக்குப் பல்லு முளைத்திருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள். சாயங்காலம் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, இவர் சீவிக் கொடுத்திருந்த மரக் கத்தியின் பிடியைச் சுற்றிப் புட்டியை அப்பி அம்மாவிடம் நீட்டினேன். அழுத்திப் பிடி என்றேன். வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கையில்ல. இந்தக் கை."

அம்மா முகம் வெளுத்துப்போனது.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சு போச்சு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. நீயே வந்து பாரு."

ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். கல்லுக்குப் பக்கத்தில் இவர் முக்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையால் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரலில் பிளாஸ்திரி. ஒரு துண்டு எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. நோட்டை எடுத்து இடது கையாலேயே ஏதோ எழுதப் பார்த்தார். வரவில்லை. பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிசைந்த புட்டி என் கையிலேயே இறுகிப்போனது. மறுபடி புதுசாகப் பிசைய வேண்டியிருந்தது. இந்த முறை அவளாகவே இடது கையை நீட்டினாள்.

நாலு நிமிஷம் அவள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நாலு நிமிஷத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ இங்கேயே வந்துவிட வேண்டும் என்றுதான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லும்போது தலை நிமிர முடியவில்லை.

"தெரியும் கண்ணு. நீ கட்டில் வாங்கிப் போட்டப்பவே தெரியும்" என்றாள் அம்மா. "கை ஓஞ்சுதுன்னா நானே வந்து அந்தக் கட்டில்ல படுத்துக்கறேன். இன்னும் ஓயல அம்மிணி."

அச்சில் அவளுடைய ஐந்து விரலும், உள்ளங்கைக் காய்ப்பும், சுண்டுவிரல் வளைவும்கூட அப்படியே பதிந்திருந்தன. இவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை கை இவ்வளவு சின்னதா என்றார். மூன்று கத்தியும் தன் கை அளவுக்கே செய்துகொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நாலாவதுக்கு வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் பிடி. அச்சைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். கட்டைவிரல் குழி இப்போது வலது பக்கம். வாய் இரண்டு பக்கமும் சமமாகச் சாய்த்தது, பிளக்கும்போது நேராக இறங்க வேண்டும் என்று. உறையை இடது இடுப்பில் செருகுகிற மாதிரி நானே கித்தானில் தைத்தேன். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காய்ச்சிய தகட்டை எண்ணெயில் முக்கினார், டிங் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குறுக்கே மயிரிழை விரிசல். அவசரத்தில் சூடு மீறிவிட்டது. அந்தச் சத்தத்தை அடுப்படியில் இருந்து நானும் கேட்டேன். அஞ்சு மாதத்துக்கு முன்னால் என்றால் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு நான்தான் முதலில் பின்பக்கம் ஓடினேன்.

இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்க, பட்டையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றேன். இரண்டு நாள் லீவு போட்டார். நான் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொடுத்தேன், அவர் தகட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்று சரியான நேரத்தில் முக்கினார். இந்த முறை சத்தம் இல்லை. அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. அப்படி வழுக்கினால்தான் இரும்பு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஓவனை நானே போட்டுக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று ஸ்கூட்டர், மிக்ஸி, அவருடைய அரங்கள், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். நடுவில் நாலாவது கத்தி. அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக்கூடாது, அதனால் தீட்டின வாய் எப்படி இருக்கிறது என்று சோதிக்க முடியாமல் இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் விஜயதசமி. ஊரெல்லாம் ஜம்பு சவாரி என்கிற தசரா யானை ஊர்வலம் பார்க்க மைசூருக்குள் வந்துகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம், கொள்ளேகால் பஸ்ஸில் போனோம். ஹனூரில் மாறி, மாதேஸ்வரன் மலை தாண்டி, கோபிநத்தம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா முகாமில் இருந்தாள். சனிக்கிழமை முதல் கூட்டம் வருகிறது என்று கருப்புசாமி அண்ணன் பாய்களை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கே அக்கா கையைப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். 

இவர் கத்தியை எடுத்து ஒரு பாறையின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பக்கத்தில் ஒரு பச்சை மூங்கில், சீவ வேண்டிய காய்ந்த விறகு. அம்மா வந்தாள். பழக்கத்தில் வலது கை நீண்டது. பிடியைத் தொட்டது. அவள் விரல்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், இது அந்தக் கைக்குச் செய்ததில்லை என்று. அப்படியே நின்றாள். கருப்புசாமி அண்ணனைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இடது கையால் கத்தியை எடுத்தாள்.

ஒரே ஒரு நிமிஷம்தான் அவளுக்குக் கூச்சம். பிறகு எல்லாம் மறந்துபோனாள். மூங்கில் கணுவைப் பார்த்து வைத்து, மூங்கிலோடு சேர்த்துப் பாறையில் தட்டினாள், நேராக அடிவரைக்கும் இறங்கியது. சுள்ளியைச் சீவ ஆரம்பித்தாள். சுருள் சுருளாகப் பூ மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. நடுங்கும் வலது கைக்கு வேலை குச்சியைப் பிடிப்பது மட்டும்தான். அம்மா இடது கையால் இவ்வளவு வேகமாக வேலை செய்து, நாலு பேர் நடுவில், நான் பார்த்ததே இல்லை. எனக்கு மட்டும் ஏதோ கண்ணில் விழுந்த மாதிரி உறுத்தியது.

கருப்புசாமி அண்ணன் பாயை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்தார். எந்தக் கையென்று அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சனிக்கிழமை பதினாலு பேர் வருகிறார்கள், காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் பாயைத் தட்டப் போனார்.

இவர் நோட்டை எடுக்கவேயில்லை. எடுத்து என்ன பயன்? அம்மா கத்தியைத் துடைத்தாள். கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, நான் என் ஆயுசில் காணாத அதிசயமாக, இவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே மாப்பிள்ளை?"

"சொல்லுங்க அத்தை."

"பிடிக்குப் பின்னாடி இந்த முட்டு கொஞ்சம் பெருசாப் போச்சுங்க. உள்ளங்கையில உறுத்துது. அப்பறம், வாய் இன்னும் ஒரு நூல் மெல்லிசா இருக்கோணும். மொத மூணும் இதைவிட மோசம்."

இவர் பையைத் தேடினார். நோட்டு கிடைத்தது, பென்சிலைக் காணோம். என் கைப்பையைக் கவிழ்த்து, கிளினிக் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மொத மூணும் எப்படி மோசம், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் அத்தை என்றார். அம்மாவும் எதிரில் உட்கார்ந்து, இடது கை விரலை மடக்கி மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். மைசூருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அப்போதும் அவர்கள் இரண்டாவது கத்தியிலேயே இருந்தார்கள்.